திட்டமிட மறந்த ஓய்வு

லவான் ஜாஸ்ட்ரோ நம்பகத்தன்மைத் தூதராக நியமிக்கப்பட்ட நேரத்தில், பல் வைத்தியரின் நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்தாள். டாம்கின்ஸ் ராப்பிட்ஸ் கழிவறைக் காகித ஆலையில் புதிதாக ஒரு பொறுப்பு முளைத்தால், அதைக் கூட்டத்துக்கு வராதவர் தலையில் கட்டுவதுதான் வழக்கம். வந்தவர்கள் எல்லோரும் தங்களுக்கு ஏற்கெனவே மூச்சுவிட நேரமில்லை என்று சொல்லிவிடுவார்கள். வராதவரால் அதைச் சொல்ல முடியாது.

மதியம் அவள் திரும்பி வந்தபோது இடது கன்னம் மரத்துப்போயிருந்தது. உதடு வேறு யாருடையதோ போலத் தொங்கியது. ஆலை மேலாளர் பிரெஸ்காட் லண்டீன் வாசலிலேயே வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"வாழ்த்துகள் லவான்! இந்தப் பொறுப்புக்கு உங்கள விட்டா ஆளே இல்லன்னு எல்லாரும் ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லையே?"

"ம்ப்ஃப்," என்றாள் லவான்.

"இந்த அடக்கம்தான் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது," என்றார் லண்டீன்.

லவானின் உண்மையான வேலை ஷிப்ட் அலுவலகத்தில். எந்த மெஷின் எப்போது நின்றது, எதனால் நின்றது, எப்போது மறுபடி ஓடியது என்று கணினியில் ஏற்றுவாள். ஏற்றுவதில் பாதிக்கு மேல் மூன்றாம் எண் மெஷினைப் பற்றித்தான் இருக்கும். ஒரு தேவாலயத்தைக் கோபுரத்தோடு சேர்த்துப் படுக்க வைத்த மாதிரி இருக்கும் அந்த மெஷின், ஒரு முனையில் கூழைக் குடித்து மறு முனையில் விஸ்கான்சின் மாநிலத்துக்கே வேண்டிய காகிதத்தைச் சுருட்டித் தள்ளும். அதாவது, ஓடுகிறபோது. கூழ் நுழைகிற ஈர முனையில், ஓர் உருளையைச் சுழல வைக்கும் பேரிங் தேய்ந்து கிடந்தது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை அது சூடாகும், கத்தும், மெஷின் நிற்கும். ஃபிட்டர்கள் வந்து கிரீஸ் அடித்து, ஆற வைத்து, திட்டி, ஓட விடுவார்கள். அந்த ஃபிட்டர்களில் ஒருவன் லவானின் கணவன் ஆர்லன். திட்டுகிற பகுதியை அவன் பார்த்துக்கொள்வான்.

பேரிங்கை மாற்ற வேண்டும் என்பது ஆலையில் எல்லோருக்கும் தெரியும். வாசலில் பனி வாருகிறவருக்குக்கூடத் தெரியும்.

ஆனால் இப்போது வந்திருந்தது பேரிங் அல்ல, திட்டம். மெஷின்களின் நம்பகத்தன்மை, அதாவது நிற்காமல் ஓடுவது, முக்கியமானது என்று தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு மாநாட்டில் கேள்விப்பட்டுவிட்டார்கள். இனி ஒவ்வோர் ஆலைக்கும் ஒரு நம்பகத்தன்மைக் குறியீடு உண்டு. அது தொண்ணூறுக்குக் கீழே போனால் அந்த ஆலை கண்காணிப்புப் பட்டியலில் சேரும். அப்படிச் சேர்ந்த கடைசி ஆலையை மூடிவிட்டு, அந்தக் கட்டடத்தில் இப்போது கோடைக் காலத்தில் பனிவண்டிகளை வாடகைக்கு நிறுத்தி வைக்கிறார்கள்.

திட்டத் தொடக்க விழா கேன்டீனில், சாஸேஜும் முட்டைக்கோஸ் ஊறுகாயுமாக நடந்தது. லண்டீன் ஒரு நாற்காலி மேல் ஏறி நின்றார்.

"நண்பர்களே, மெஷின் பழுதாகறதில்ல. நம்ம மனசுதான் பழுதாகுது. போன வருஷம் மெயின்டனன்ஸ் செலவுல நாப்பது சதவீதத்த வெட்டினோம். அப்பவே சில பேர் முணுமுணுத்தாங்க. இன்னைக்கு எனக்குச் சொல்லப் பெருமையா இருக்கு, அந்தப் பணத்துலதான் இந்த மெயின்டனன்ஸ் மேம்பாட்டுத் திட்டத்தையே ஆரம்பிக்கறோம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். சாஸேஜ் நன்றாக இருந்தது.

முதல் வேலை, ஆலையில் எந்த உபகரணம் மிக முக்கியம் என்று வரிசைப்படுத்துவது. தலைமை அலுவலகத்தின் கையேட்டில் அப்படித்தான் இருந்தது. முக்கியமானதற்கு முதல் கவனிப்பு. லவான் ஒவ்வொரு துறைத் தலைவரையும் கூப்பிட்டுக் கேட்டாள். கூழ்த் துறைத் தலைவர் கூழ் இல்லாமல் காகிதம் ஏது என்றார். கொதிகலன் தலைவர் ஆவி இல்லாமல் கூழே ஏது என்றார். பெட்டி கட்டுகிற துறையின் தலைவி, தங்கள் பெல்ட்டை இரண்டாம் இடத்தில் போட்டால் தன் ஆட்கள் மனம் உடைந்துபோவார்கள் என்று கண் கலங்கினாள். மூன்று கூட்டம் போட்டும் எல்லாமே முதலிடத்தில் இருந்தன. கடைசியில், நின்றுபோனால் ஆலையே நின்றுவிடும் என்று யாருமே மறுக்காத ஒரே உபகரணமாகத் தேறியது காபி மெஷின்.

"ஜனநாயகம்னா இதுதான்," என்றார் லண்டீன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் இரண்டு ஃபிட்டர்கள் காபி மெஷினின் சூட்டையும் அதிர்வையும் கருவி வைத்து அளந்தார்கள். அந்த நேரத்தில் மூன்றாம் எண் மெஷின் கத்தினால், அதற்கான முறை வரும்வரை அது கத்திக்கொண்டிருக்க வேண்டும். ஆர்லனுக்கு இதில் வருத்தம் ஒன்றும் இல்லை.

"என்ன தூதரம்மா, இன்னைக்கு ரெண்டு தடவை அளந்தேன். ஒண்ணு சர்க்கரை போட்டு, ஒண்ணு சர்க்கரை இல்லாம," என்பான்.

"சிரிக்காத. என் பேரு கெடுது."

"உனக்குப் பேரு இருக்கா? ஓஹோ, அதான் வாசல்ல போர்டு மாட்டிருக்காங்களே!"

உண்மையில் போர்டு மாட்டியிருந்தார்கள். அவளுடைய படத்தோடு. படத்தில் இடது உதடு கொஞ்சம் தொங்கும்.

இரண்டாவது வேலை மூல காரணம் கண்டுபிடிப்பது. கையேட்டின்படி, ஏதாவது நின்றால் ஐந்து முறை 'ஏன்' என்று கேட்க வேண்டும். ஐந்தாவது ஏனுக்கு வரும் பதில்தான் வேர். மூன்றாம் எண் மெஷின் அடுத்த முறை நின்றபோது லவான் எல்லோரையும் அறையில் உட்கார வைத்து, கையேட்டைப் பார்த்துப் பார்த்துக் கேட்டாள். லண்டீன் தலைமை வகித்தார்.

"மெஷின் ஏன் நின்னுது?"

"பேரிங் சூடாயிடுச்சு," என்றான் ஆர்லன்.

"ஏன் சூடாச்சு?"

"தேஞ்சு போயிருக்கு."

"தேஞ்சத ஏன் மாத்தல?"

"மாத்தறதுக்குப் புதுசு இல்ல."

"ஏன் இல்ல?"

"வாங்கல."

"ஏன் வாங்கல?"

இதைக் கேட்ட பிறகுதான் லவானுக்குத் தான் எங்கே வந்து நிற்கிறோம் என்று புரிந்தது. அறையில் இருந்த எல்லோரும் கூரையில் ஏதோ சுவாரசியமானது தெரிவதுபோல மேலே பார்த்தார்கள். ஆர்லன் மட்டும் கூரையைப் பார்க்கவில்லை.

"கேக்கறப்பெல்லாம் அடுத்த காலாண்டுல பாக்கலாம்னு லண்டீன் சொல்லிட்டாரு. காலாண்டும் வருது, போகுது."

லண்டீன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. பேனாவை மூடி மேசை மேல் வைத்தார்.

"ரொம்ப நல்ல விவாதம். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா? நாலாவது ஏன் வரைக்கும் எவ்வளவு தெளிவா இருந்துச்சு! அஞ்சாவதுல குழம்பிப்போச்சு. பெரிய பெரிய ஆலைங்களுக்கு அஞ்சு சரி. நம்ம அளவுக்கு நாலு போதும். அளவுக்கு மீறி ஆராஞ்சா ஆளுங்க மனசு புண்படும். யார் மனசுன்னு நான் சொல்ல வரல."

அப்படியாக டாம்கின்ஸ் ராப்பிட்ஸில் நான்கு ஏன் முறை அமலுக்கு வந்தது. பேரிங் வாங்கப்படாததற்கு மூல காரணம், பேரிங் வாங்கப்படாதது. பரிகாரமாக, ஏன் கேட்பது எப்படி என்று ஃபிட்டர்கள் எல்லோருக்கும் ஒரு நாள் பயிற்சி தரப்பட்டது. அந்த நாள் முழுக்க மூன்றாம் எண் மெஷின் நின்றது. ஓட்டிவிட ஃபிட்டர் யாரும் இல்லை.

குறியீடு அறுபதைத் தாண்டவில்லை. கண்காணிப்புப் பட்டியல் வெளியாகும் நாள் நெருங்கியது. ஒரு காலையில் லண்டீன் ஷிப்ட் அலுவலகத்துக்கு வந்து, லவானின் திரையை வெகுநேரம் பார்த்தார்.

"லவான், எனக்கு ஒரு சந்தேகம். இங்க எல்லா எடத்துலயும் 'நின்றது, நின்றது'ன்னு போட்டிருக்கீங்களே, எதுக்கு?"

"நின்னுது, அதான்."

"அது உங்க பார்வை. அந்த மெஷின் பக்கத்துலேர்ந்து யோசிச்சுப் பாருங்க. ராத்திரி பகல்னு ஓடுது. கொஞ்சம் ஓய்வு எடுக்கக் கூடாதா? நாம திட்டமிட்டு ஓய்வு குடுத்தா அது குறியீட்டுல சேராது, தெரியுமா?"

"நாம திட்டமிடலயே."

"முன்கூட்டியே திட்டமிடலதான். ஆனா தெரிஞ்சிருந்தா திட்டமிட்டிருப்போமா இல்லையா?"

இப்போது லவான் செய்ததை மறைப்பதில் அர்த்தமில்லை. இத்தனை வருடத்தில் அந்த ஆலையில் அவளுடைய அபிப்பிராயத்தை யாரும் கேட்டதில்லை. முதல் முறையாக ஒரு மேலாளர் அவள் மேசை ஓரத்தில் உட்கார்ந்து அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்சம் யோசித்தாள்.

"திட்டமிட மறந்த ஓய்வுன்னு போடலாமா?"

லண்டீன் எழுந்து நின்றுவிட்டார். கண்ணில் நீர் வந்ததாகப் பக்கத்து மேசைக்காரி பிற்பாடு சொன்னாள்.

அதன் பிறகு எல்லாம் சுலபமாகிவிட்டது. லவானுக்கு அது கைவந்த கலையாக இருந்தது. அறுந்த பெல்ட் 'பெல்ட்டின் விருப்ப ஓய்வு' ஆனது. கொதிகலனில் கசிவு 'கூடுதல் ஆவி வழங்கல்' ஆனது. தீப்பிடித்த ஒரு மோட்டாரை, அன்று வெளியே கடுங்குளிர் என்பதால், 'பணியாளர் நலன்' என்ற தலைப்பில் சேர்த்தாள். குறியீடு எழுபதானது, எண்பத்தைந்தானது, தொண்ணூற்றொன்பதில் போய் நின்றது. நூறு போட்டால் நம்பமாட்டார்கள் என்று லண்டீன் தடுத்துவிட்டார். நெஞ்சில் பெயர் தைத்த ஒரு நீல ஜாக்கெட்டை அவளுக்குப் பரிசளித்தார்.

அந்த வெள்ளிக்கிழமை மதுக்கடையில் மீன் வறுவல் தின்னப் போனபோது அவள் ஜாக்கெட்டைக் கழற்றவே இல்லை. உள்ளே நல்ல வெக்கை.

"வேர்த்து ஊத்துதே, கழட்டேன்," என்றான் ஆர்லன்.

"இல்ல, எனக்குக் குளிருது."

"பேரிங்கும் இப்படித்தான். சூடாயிருச்சுன்னு ஒத்துக்கவே ஒத்துக்காது."

அவள் ஒரு மீன் துண்டை அவன் தட்டிலிருந்து எடுத்துத் தின்றாள். கோபமில்லை. அன்றைக்கு அவளுக்கு எல்லாமே பிடித்திருந்தது.

மான் வேட்டைப் பருவம் தொடங்குவதற்கு முந்தைய வாரம், குறியீட்டில் முதலிடம் பிடித்த ஆலைக்குக் கேடயம் கொடுக்கத் தலைமை அலுவலகத்திலிருந்து துணைத் தலைவர் மெரிடித் கால்ஹூன் வந்தாள். கேன்டீனில் மறுபடி சாஸேஜ். ஃபிட்டர்கள் குளித்துவிட்டு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். கால்ஹூன் கேடயத்தை லண்டீன் கையில் கொடுத்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தாள்.

"தொண்ணூத்தொன்பது! ஒரு மெஷின்கூடப் பழுதாகல! இத எப்படிக் கொண்டாடறதுன்னு ஃப்ளைட்ல வரும்போது யோசிச்சேன். ஒரே ஒரு வழிதான் தோணுச்சு. பழுதே ஆகாத ஆலையில பழுது பாக்கற ஆளுங்க எதுக்கு? அதனால இந்த ஆலையோட ஃபிட்டர் பிரிவ, உங்க வெற்றிய கௌரவிக்கற விதமா, வேட்டைப் பருவம் முடிஞ்சதும் கலைச்சிடறோம். எல்லாரும் அவங்களுக்கு ஒரு கைதட்டு குடுங்க!"

பழக்கதோஷத்தில் பின் வரிசை கைதட்டியது.

"நான் ஒண்ணும் தெரியாம பேசல. நான் எங்க ஊர் நகர மன்றத்துல இருந்தேன். ரெண்டு வருஷமா ஊர்ல தீயே பிடிக்கல. தீயணைப்பு நிலையத்த மூடினோம். எவ்வளவு மிச்சம் தெரியுமா!"

"அப்புறம்?" என்று யாரோ கேட்டார்கள்.

"அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் வேற ஊருக்குக் குடிபோயிட்டேன்."

லவான் எழுந்துவிட்டாள். ஜாக்கெட்டின் ஜிப் கழுத்து வரை ஏறியிருந்தது.

"மேடம், மெஷின் நிக்குது. மூணாம் நம்பர். அடிக்கடி நிக்குது."

லண்டீன் கேடயத்தைப் பார்த்தார். கால்ஹூன் லவானைப் பார்த்தாள்.

"நிக்குதா? வாங்க, போய்ப் பாக்கலாம்."

எல்லோரும் காதுக்குப் பஞ்சு வைத்துக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். மூன்றாம் எண் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. சாதாரணமாக அல்ல, பட்டுப்போல. காகிதம் ஒரு சுருக்கம் இல்லாமல் வெள்ளை வெளேரென்று பாய்ந்துகொண்டிருந்தது. ஆர்லன் பேரிங்கின் மேல் கையை வைத்துப் பார்த்தான். சூடே இல்லை.

"நில்லு, சனியனே," என்றான் பல்லைக் கடித்துக்கொண்டு. "ஒரு நிமிஷம் நில்லு. போதும்."

இன்னொரு ஃபிட்டர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கண்ணை மூடினான். தன் ஆயுளில் ஒரு மெஷின் நிற்பதற்காக அவன் பிரார்த்தனை செய்தது அதுதான் முதல் தடவை. வெகுநேரம் எல்லோரும் நின்றார்கள். மெஷின் மட்டும் நிற்கவில்லை.

"எவ்வளவு தன்னடக்கம் உங்களுக்கு," என்று லவானின் தோளில் தட்டிவிட்டுக் கால்ஹூன் விமானத்தைப் பிடிக்கப் போனாள். அவள் போன பிறகும் மெஷின் ஓடியது. மறுநாள் மதியம் வரை ஓடிவிட்டு, சாவகாசமாக நின்றது.

அன்று சாயங்காலம் வீட்டில் ஆர்லன் துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். திட்டவில்லை. திட்டியிருந்தால் லவானுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"ஏதாவது பேசேன்," என்றாள்.

"என்ன பேச? வேட்டைக்குப் போற எடத்துல பசங்க கேப்பாங்க, வேல என்னாச்சுன்னு. போயிருச்சுன்னு சொல்ல ஒரு மாதிரி இருக்கு. நீ நல்லாப் பேரு வெப்பியே, எனக்கும் ஒண்ணு வெச்சுக் குடு. வேணாம், இருக்கறதே நல்லாருக்கு. 'திட்டமிட மறந்த ஓய்வு'ல இருக்கேன்னு சொல்லிக்கறேன்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் சொன்னான். அவள் முகத்தைப் பார்த்ததும் துடைப்பதை நிறுத்திவிட்டான்.

"ஏய், சும்மா சொன்னேன்."

"சும்மா சொல்லல."

"சரி, முக்கால்வாசி சும்மா."

மறுநாள் காலை லவான் நீல ஜாக்கெட் இல்லாமல் வேலைக்குப் போனாள். அந்த வருடம் முழுவதற்குமான பதிவுகளைத் திறந்து, ஒவ்வொன்றாக மாற்றத் தொடங்கினாள். ஓய்வெல்லாம் 'நின்றது' ஆயிற்று. கூடுதல் ஆவி கசிந்தது. பணியாளர் நலன் தீப்பிடித்தது. அவள் வேலையும் போய்விட்டால், வீட்டில் இரண்டு பேருடைய ஓய்வுக்கும் பெயர் வைக்க வேண்டியிருக்கும். மதியத்துக்குள் குறியீடு நாற்பத்தொன்றுக்கு விழுந்தது.

தலைமை அலுவலகத்திலிருந்து உடனே திரையில் கூப்பிட்டார்கள். லவானும் லண்டீனும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். லண்டீனின் நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. கால்ஹூனின் முகம் திரையை அடைத்துக்கொண்டிருந்தது.

"ஒரே நாள்ல அம்பத்தெட்டு புள்ளி! இது எப்படி நடந்துச்சு?"

"நான்தான்..." என்று லவான் ஆரம்பித்தாள்.

"நாங்கதான் கண்டுபிடிச்சோம்," என்று லண்டீன் குறுக்கே புகுந்தார். குரல் தடுமாறி, அடுத்த வார்த்தைக்குள் நிமிர்ந்துவிட்டது. "கேடயம் வாங்கின அன்னைக்கே நான் லவான்கிட்ட சொன்னேன், இதோட திருப்திப்படக் கூடாது, மறைஞ்சு கிடக்கற பழுதயெல்லாம் வெளிய கொண்டு வரணும்னு. மத்த ஆலைங்க ஒளிச்சு வைக்கும். நாங்க வெளிப்படையா இருக்கோம்."

லவான் வாயைத் திறந்தாள். இந்த முறை வாய் மரத்துப்போகவில்லை. ஆனாலும் ஒன்றும் வரவில்லை. திரையில் கால்ஹூன் யாரோடோ கிசுகிசுத்தாள்.

"அபாரம்! இவ்வளவு பழுத இதுக்கு முன்னாடி எந்த ஆலையும் கண்டுபிடிச்சதில்ல. உடனே மீட்புத் திட்டம் அறிவிக்கறோம். ஃபிட்டர்கள கலைக்கற பேச்சுக்கே இடமில்ல, இன்னும் நாலு பேர எடுங்க. வேற என்ன வேணும்?"

"ஒரு பேரிங்," என்றாள் லவான்.

"ஒண்ணு போதுமா? மீட்புத் திட்டத்துல ஒண்ணு வாங்க வழியில்ல. ஒரு டஜன் வாங்குங்க."

ஒரு டஜன் பேரிங் வந்தது. வேட்டையிலிருந்து மான் எதுவும் கிடைக்காமல் திரும்பிய ஆர்லனும் மற்றவர்களும் ஒரு சனிக்கிழமை மெஷினை நிறுத்தினார்கள். பழைய பேரிங்கைக் கழற்றினார்கள், புதியதை மாட்டினார்கள், வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. அதில் எழுத ஒன்றுமே இல்லை என்பதால் ஆலைப் பத்திரிகையில் அது வரவில்லை. மெஷின் குளிர்காலம் முழுக்க ஓடியது. வசந்தத்திலும் ஓடியது. காபி மெஷின் ஒரு முறை நின்றது, யாரும் செத்துவிடவில்லை. மீதிப் பதினோரு பேரிங்குகளையும் ஆர்லன் தடவிக் கொடுத்துவிட்டு ஸ்டோரில் அடுக்கினான்.

லண்டீன் தலைமை அலுவலகத்துக்குப் பதவி உயர்ந்து போனார், எல்லா ஆலைகளுக்குமான மீட்புத் தலைவராக. கோடையின் தொடக்கத்தில் திரும்பி வந்தார். புதுக் கோட்டு. பின்னால் மற்ற ஆலைகளிலிருந்து வந்த மேலாளர்கள், பையும் பேனாவுமாக. அவர்களைக் கேன்டீனில் உட்கார வைத்துவிட்டு, தனியாக ஷிப்ட் அலுவலகத்துக்கு வந்து லவானின் மேசை ஓரத்தில் பழையபடி உட்கார்ந்தார்.

"லவான், ஒரு சின்னச் சங்கடம். பழுதிலேர்ந்து நாம எப்படி மீண்டோம்னு நேர்ல பாக்க இவ்வளவு பேர் வந்திருக்காங்க. ஆனா பாக்கறதுக்கு இங்க ஒண்ணுமே நிக்க மாட்டேங்குதே!"

"ஆமா. ஓடிட்டே இருக்கு."

"அதான் பிரச்சினை. நாளைக்கு மதியத்துக்குள்ள ஒரு பழுது வேணும். சின்னதாப் போதும். அடுத்த வருஷம் இத விடப் பெரிய கூட்டம் வரும், அதுக்குப் பெருசா ஒண்ணு. உங்களுக்குத்தான் இதுல அனுபவம். ஏதாவது வழி சொல்லுங்க."

லவான் அவரை உற்றுப் பார்த்தாள். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் மூன்றாம் எண் மெஷின் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

"நாளைக்குன்னா கஷ்டம். ஆனா அடுத்த வருஷத்துக்கு நீங்க தனியா ஒண்ணும் செய்ய வேண்டாம் லண்டீன். முன்னாடி இங்க மேலாளரா இருந்தப்ப என்ன செஞ்சீங்களோ, அதையே செய்யுங்க. தானா நிக்கும்."

லண்டீனின் முகம் மலர்ந்தது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க," என்றார். "எழுதிக்கறேன்."